யந்திரம் கிழமாவது யாரால்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையதினம் பழைய கம்ப்யூட்டரில் திறந்த மூல இயங்குதளத்தை ஏற்றுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். எனக்கு இந்தத் துறையில் பட்டம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சொற்பம். கேட்டும், கெடுத்தும், கெடுத்ததைத் திருத்தியும் தெரிந்து கொண்டவனே ஒழிய வேறல்ல. ஆகையால், படித்தவன் சொன்னான் என்பதற்காக நான் சொல்வதில் ஒன்றையும் நம்ப வேண்டாம். யந்திரம் இதோ இந்த மேசை மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்த பின் நீங்களே வந்து தொட்டுப் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

இந்த யந்திரம் எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொன்னால் மற்றச் சங்கதிகள் தாமே விளங்கும்.

நம் ஊரில் ஒரு சிறு அச்சுக்கூடம் உண்டு. அதன் சொந்தக்காரர் நம் தோழர். 2001-ல் அவர் ஒரு உபாத்தியாயர் எழுதிய 90 பக்கப் புத்தகத்தை அச்சிட்டார். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கைப் பயமில்லாமல் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பது புத்தகத்தின் விஷயம். 300 பிரதிகள், அவ்வளவும் வந்த விலைக்கும் இனாமாகவும் போய்விட்டன. உபாத்தியாயர் காலமாகி விட்டார். சென்ற வருஷம் அவருடைய மகள் அச்சுக்கூடத்துக்கு வந்து, "மாமா, அப்பா புத்தகம் ஒன்றாவது கிடைக்குமா? எங்கள் வீட்டில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது" என்று கேட்டார். தோழர் பரணில் தேடினார். பிரதி இல்லை. பரணில் இருந்தது இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். புத்தகத்தை எழுத்துக் கோத்தது இதில்தான். பென்டியம் 3 வகை. 733 மெகாஹெர்ட்ஸ் வேகம். 128 மெகாபைட் ரேம் இரண்டு. 20 கிகாபைட் ஹார்ட் டிஸ்க்.

தோழர் அதை ஒரு பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக் கொண்டு போனார். கடைக்காரர் மூடியைக் கூடக் கழற்றவில்லை. வருஷம் என்ன என்று கேட்டார். "2000" என்றதும், "இதற்கெல்லாம் ஆயுசு எப்போதோ முடிந்துவிட்டது அண்ணே, இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்று முடிவு கட்டி விட்டார். பிறந்த வருஷத்தைக் கேட்டு ஆயுளைச் சொல்வது ஜோசியம். பழுது பார்க்கிறவன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாமா? இந்தக் கேள்விதான் இன்று நான் பேச வந்ததற்குக் காரணம்.

தோழர்களே! ஒரு யந்திரம் கிழமாகி விட்டது என்று யார் சொல்வது? எந்த ஆதாரத்தில் சொல்வது? சற்று யோசித்துப் பாருங்கள். மண்வெட்டி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டியின் அச்சு முறிந்தால் காதுக்குக் கேட்கிறது. கம்ப்யூட்டரில் அப்படித் தேயும் பாகங்கள் மிகக் கொஞ்சம். விசிறி, ஹார்ட் டிஸ்க், மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள், கடிகார பேட்டரி ஆகிய இவைதான் பெரும்பாலும் கெடுகின்றவை. கணக்குப் போடும் சில்லு 2000-ல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனைதான் இன்றைக்கும் போடுகிறது. ஒன்று கூடக் குறைவதில்லை. அப்படியானால் நேற்று ஓடியது இன்று ஓடாமற் போவதேன்?

கம்ப்யூட்டர் என்பது இரண்டு பொருள். ஒன்று இரும்பும் சில்லுமான உடல். மற்றொன்று அந்த உடலை நடத்துகின்ற கட்டளைத் தொகுதி. இந்தத் தொகுதியில் அடித்தளமாய் நின்று, விசைப்பலகையையும் திரையையும் டிஸ்கையும் மற்ற மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு இயங்குதளம் என்று பெயர். உடல் உங்களுடையது, காசு கொடுத்து வாங்கி விட்டீர்கள். ஆனால் இயங்குதளம் பெரும்பாலும் உங்களுடையதல்ல. உபயோகித்துக் கொள்ள அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவோ, திருத்தவோ உங்களுக்கு உரிமை கிடையாது. விற்றவன் இனித் திருத்தம் தர மாட்டேன் என்று சொல்லுகிற தேதிதான் யந்திரத்தின் சாவுத் தேதியாகிறது.

உதாரணம் சொல்கிறேன். விண்டோஸ் 98-க்கு ஆதரவு 2006 ஜூலை 11-ல் நின்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் நின்றது. விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட ஜாபிதாவில் உள்ள பிராசஸரும் இருந்தால்தான் முறைப்படி ஏறும் என்பது நிபந்தனை. இதற்குப் பாதுகாப்புக் காரணம் சொல்கிறார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அக்டோபர் 13-ந் தேதி வரை சரியாக வேலை செய்த யந்திரத்தின் உடலில் 15-ந் தேதி எந்தப் பாகம் கெட்டது? ஒன்றும் கெடவில்லை. கெட்டது கட்டளைத் தொகுதியின் மேல் இருந்த அனுமதியும் பராமரிப்பும்தான். இதை இரும்பின் மூப்பு என்று நம்பி எடைக்குப் போடுகிறோமே, இது புத்திக்குப் பொருந்துமா?

நான் சொன்னதற்கு மாற்றாக வேறொரு ஏற்பாட்டைச் சிலர் பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983 செப்டம்பரில் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் உபயோகிக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஒரு முழு இயங்குதளத்தை எழுத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டிலிருந்த 386 வகைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி பகுதியில் வளர்ந்த பிஎஸ்டி என்ற தொகுதியிலிருந்து 1993-ல் நெட்பிஎஸ்டி கிளைத்தது. அதே 1993-ல் டெபியன் தொடங்கிற்று. திறந்த மூலம் என்கிற பெயர் 1998-ல்தான் வழக்கத்துக்கு வந்தது. பெயர் எப்படி இருந்தாலும் சாரம் ஒன்றே. எழுதியதை மூடி வைக்கக் கூடாது. படிக்கத் தெரிந்தவன் எவனும் படிக்கலாம். படிக்கிறவனுக்கு யோக்கியதாம்சம் இன்னது என்று வரம்பு கிடையாது.

என்னைப் போன்று சொந்தமாகக் கற்றவனுக்கு இதன் அருமை தெரியும். நெட்பிஎஸ்டியை ஏற்றினால், ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கப் புத்தகம் யந்திரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. கேட்ட போதெல்லாம் சலிக்காமல் சொல்லும் வாத்தியார் அது. "உனக்கு இது புரியாது, போ" என்று அது ஒருவரையும் சொல்வதில்லை.

இனி இந்த யந்திரத்தின் கதைக்கு வருகிறேன். நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன். தப்பை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகுமே தவிர அனுபவமாகாது.

நெட்பிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐம்பதுக்கு மேற்பட்ட யந்திர வகைகளில் ஓடும்படி அதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1977-ல் அறிமுகமான வாக்ஸ் வமிசத்து யந்திரங்கள் கூட அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. 2024 மார்ச்சில் வெளியான அதன் 10-ம் பதிப்பு, 486 முதற்கொண்டு அதற்குப் பிந்திய இன்டெல் வகைகளில் ஓடும். நம்முடையது பென்டியம் 3. 1999-ல் அறிமுகமான வகை. ஆகவே வயதைப் பற்றி அங்கே ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

முதல் வேலை, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்தது. இதைக் கவனியுங்கள். இயங்குதளத்தை ஏற்றுவது என்றால் டிஸ்கில் உள்ளதை அழித்துப் புதிதாகக் கோடு போடுவது என்று அர்த்தம். நம்முடைய இளைஞர் ஒருவர் ஆர்வத்தால் உடனே ஏற்றி விடலாம் என்றார். ஏற்றியிருந்தால் உபாத்தியாயரின் புத்தகம் அன்றைக்கே போயிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வேறொரு பழைய டிஸ்க் வாங்கி அதை மாட்டினோம்.

இரண்டாவது, மூடியைத் திறந்து தூசியைத் துடைத்தோம். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. தோழர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் தரும் பெட்டியையும், பழைய குழாய்த் திரையையும் மட்டும் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் உயிர் வாங்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். அச்சமின்மை வேறு, அறியாமை வேறு.

விசையைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. செத்தது என்று சொல்லப்பட்டது பேசிற்று! பயாஸின் அமைப்பு விவரங்கள் அழிந்துவிட்டன, தொடர வேண்டுமானால் ஒரு விசையை அழுத்து என்று அது சொன்னது. நான் அதைச் சரியாகப் படிக்காமல் விசையை அழுத்தி மேலே போனேன். இது என் முதல் தப்பு. இதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

இந்த யந்திரம் பென் டிரைவிலிருந்து கிளம்பாது, சி.டி.யிலிருந்து கிளம்பும். நெட்பிஎஸ்டிக்காரர்கள் கிளப்புவதற்கு மட்டும் ஒரு சிறு சி.டி. பிம்பம் வைத்திருக்கிறார்கள். மற்றவற்றை வலைப்பின்னல் வழியாக அதுவே இறக்கிக் கொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் அதை சி.டி.யில் எழுதிக் கொண்டு வந்து போட்டேன். படிக்கவில்லை. வேகமாக எழுதியது ஒரு குற்றம். டிரைவின் கண்ணாடியில் தூசி இருந்தது மற்றொன்று. துடைத்து, மெதுவான வேகத்தில் வேறு சி.டி. எழுதிப் போட்டதும் கிளம்பிவிட்டது.

ஏற்றும் நிரல் முதலில் எந்தப் பாஷை வேண்டும் என்று கேட்டது. ஆங்கிலம் இருந்தது; ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போலிஷ் இருந்தன. தமிழ் இல்லை. உடனே, பார்த்தாயா, நம்மை மதிக்கவில்லை என்று கோபித்துக் கொள்ளலாம். ஆனால் நியாயம் என்ன? போலந்துக்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், இருக்கிறது. நம்மில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை, இல்லை. டெபியனை ஏற்றும் நிரலில் தமிழ் இருக்கிறது. ஏனென்றால் தமிழர்கள் சிலர் கூலி வாங்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். மூடிய வீட்டுக்கு வெளியே நின்று மரியாதை கேட்கலாம். கதவு திறந்திருக்கிற வீட்டில் உள்ளே போய் வேலை செய்ய வேண்டியதுதான்.

பிறகு எந்த டிஸ்க் என்று கேட்டது, காட்டினேன். எப்படிப் பங்கு பிரிப்பது என்று கேட்டது. அது சொன்ன யோசனையையே ஒப்புக் கொண்டேன். அடுத்து வலைப்பின்னலில் போய்த் தொகுதிகளை இறக்க முயன்றது. முடியவில்லை. தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று மறுத்தது. நான் முதலில் தளத்தின் மேல் பழி போட்டேன். பிறகு கம்பியைச் சந்தேகித்தேன். ஒரு மணி நேரம் சென்றபின் தேதி என்ன என்று யந்திரத்தைக் கேட்டேன். 2000-ம் வருஷம் ஜனவரி மாதம் என்றது! கடிகார பேட்டரி செத்திருந்தது. இருபத்தைந்து வருஷம் பின்னால் நிற்கிற யந்திரத்துக்கு, இன்று கொடுக்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்காத சான்றிதழ்தானே? அது மறுத்தது முழுக்க நியாயம். தொடக்கத்தில் பயாஸ் சொன்னதை நான் படித்திருந்தால் இந்த ஒரு மணி நேரம் மிச்சம். சி.ஆர். 2032 என்ற சாதாரண பேட்டரியைப் போட்டுத் தேதியைத் திருத்தியதும் தொகுதிகள் இறங்கின.

அப்புறமும் நின்றது. இறங்கிய தொகுதியைப் பிரிக்கும்போது ஒரு கோப்பில் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்றது. மறுபடி செய்தேன், வேறொரு கோப்பில் நின்றது. மூன்றாம் முறை யந்திரம் உறைந்தே போயிற்று. கூட இருந்தவர்கள், "விட்டுவிடுங்கள், அதற்கு விதி அவ்வளவுதான்" என்றார்கள். விதி என்று சொன்னால் தேடுவதை நிறுத்தச் சம்மதித்து விட்டோம் என்றுதானே பொருள்? ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. சி.டி.யில் அல்லது தளத்தில் குற்றமிருந்தால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடம் மாறி மாறி நின்றால் ரேம், மின்சாரம், சூடு இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. அதுவும் திறந்த மூலம்தான். அதை ஓட்டினால் சிவப்பு சிவப்பாய்ப் பிழைகள். ஒரு ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், பிழை இல்லை. அதைக் கழற்றி மற்றதைப் போட்டேன், பிழை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற இந்த ஒரு விதி தெரிந்தால் போதும். குற்றவாளி அகப்பட்டு விடுவான்.

ஆக, ஆயுசு முடிந்தது என்று கடைக்காரர் தீர்ப்புச் சொன்ன யந்திரத்தின் வியாதி ஒரு ரேம் சில்லும், ஒரு பேட்டரியும். பழைய ரேம் ஒன்று வாங்கிப் போட்டோம். டிஸ்க், ரேம், பேட்டரி எல்லாம் சேர்த்து ரூ.600-க்குள் முடிந்தது. நெட்பிஎஸ்டி ஏறிவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், ரேம் சோதனையை முதலிலேயே செய்ய வேண்டும். நான் செய்யாததால் இரண்டு இரவு போயிற்று.

இப்போது ஒரு தோழர் கேட்கலாம்: "ரேம்தான் காரணமென்றால், அதை மாற்றிவிட்டுப் பழைய விண்டோஸ் 98-லேயே ஓட்டியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. ஓடியிருக்கலாம். ஆனால் அது கெட்டால் மறுபடி ஏற்ற சி.டி.யும் இல்லை, அனுமதி எண் எழுதிய சீட்டும் இல்லை. 2006-க்குப் பிறகு அதன் ஓட்டைகளை அடைக்க ஆளும் இல்லை. யூனிகோடு தமிழையும் அது சரியாய்க் காட்டாது. இந்தக் கடைசி விஷயம் நமக்கு மிகவும் முக்கியம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பழைய டிஸ்கை இரண்டாவதாக மாட்டி, படிக்க மட்டும், எழுதக் கூடாது என்ற கட்டளையோடு திறந்தோம். விண்டோஸ் எழுதிய டிஸ்கை நெட்பிஎஸ்டி படிக்கும். உபாத்தியாயரின் பெயரில் ஒரு அடைவு. அதற்குள் பன்னிரண்டு கோப்புகள். எல்லோருக்கும் சந்தோஷம். திறந்தால், தோழர்களே, ஒரு வரி கூடத் தமிழில்லை! ஆங்கில எழுத்தும், புள்ளியும், கீறலுமாய்ப் புரியாத குப்பை. உபாத்தியாயரின் மகள் முகம் வாடிவிட்டது. கெட்டுப் போயிற்றா என்று கேட்டார்.

கெடவில்லை. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தங்கள் இஷ்டம் போல் உட்கார வைத்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழ' வைத்தார். அவரவர் எழுத்துரு இருந்தால்தான் அவரவர் கோப்பைப் படிக்கலாம். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற பொது முறைகளும் வந்தன. ஆயினும் பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. நம் அச்சுக்கூடத் தோழர் வாங்கிய எழுத்துருவின் வியாபாரி இன்று தொழிலிலேயே இல்லை. யந்திரத்தின் இரும்பு துருப்பிடிக்கவில்லை, டிஸ்க் அழியவில்லை, எழுதினவரின் எழுத்துக்குத்தான் பூட்டு. சாவியை வைத்திருந்தவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான்!

இந்தப் பூட்டையும் திறந்தவர்கள் திறந்த மூலக்காரர்களே. பழைய முறைகளில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, யூனிகோடாக மாற்றும் நிரல்களைத் தமிழ் இளைஞர்கள் எழுதி எல்லோருக்கும் விட்டிருக்கிறார்கள். ஓப்பன்-தமிழ் என்ற தொகுதியில் அப்படிப்பட்ட மாற்றிகள் பல உண்டு. நம் கோப்பு அவற்றில் ஒன்றுக்கு ஏறக்குறையப் பொருந்திற்று. பொருந்தாத சில எழுத்துகளை, அச்சுக்கூடத்தில் கிடைத்த ஒரு பழைய புரூப் தாளை வைத்துக் கொண்டு அட்டவணையில் நாங்களே சேர்த்தோம். மூடிய நிரலாயிருந்தால் சேர்க்க முடியுமா? கும்பிட்டுக் கேட்டாலும் முடியாது.

பின்னக் கணக்குகள் வந்த இடங்களில் மட்டும் குறிகள் கலைந்திருந்தன. அவற்றை மகளே உட்கார்ந்து திருத்தினார். "அப்பா என்னிடம் கணக்கு கேட்டபோது இப்படித்தான் கேட்டார்" என்று ஒவ்வொன்றாய் நினைவிலிருந்து போட்டுச் சரி பார்த்தார். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டுப் பழகாதவர், இந்த யந்திரத்திலேயே ஈமாக்ஸ் என்ற எழுது நிரலில் தமிழ் அடிக்கக் கற்றுக் கொண்டார். டிஸ்கில் கெட்டுப் போன ஓர் இடத்தால் இரண்டு பக்கம் மீளவில்லை. அந்த இரண்டையும் வெற்றிடமாகவே விட்டு, காரணத்தையும் அச்சிட்டிருக்கிறோம். புத்தகம் வாசலில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், பழைய யந்திரமே சிறந்தது, புதியது எல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவது எவ்வளவு தப்போ, பழையது என்பதற்காக அதைக் கட்டிக் கொண்டு அழுவதும் அவ்வளவு தப்பு. இந்த யந்திரத்தில் எழுதலாம், படிக்கலாம், வாசகசாலையின் புத்தக ஜாபிதாவை வைக்கலாம், நிரல் எழுதக் கற்றுக் கொள்ளலாம். இக்காலத்து வலைத்தளங்களையும் சினிமாவையும் இதில் பார்க்க முடியாது. பெரிய உலாவியைத் திறந்தால் 256 மெகாபைட் ரேம் மூச்சுத் திணறிப் போகும். குழாய்த் திரையோடு சேர்த்தால் மின்சாரம் நூறு வாட்டைத் தாண்டும். புதிய சிறு ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் பத்து வாட்டுக்குள் முடித்துக் கொள்ளும். இரவும் பகலும் ஓட வேண்டிய வேலைக்கு இதை வைப்பது காசைக் கரியாக்குவதாகும்.

திறந்த மூலக்காரர்களும் பழைய யந்திரங்களைக் கைவிடுவதில்லையா என்று கேட்பீர்கள். கைவிடுகிறார்கள். லினக்ஸ் பிறந்ததே 386-ல். அந்த 386-க்கான பகுதியை 2012 டிசம்பரில் அவர்களே எடுத்துப் போட்டார்கள். டெபியனின் 13-ம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தபோது, 32 பிட் பென்டியம் வகை யந்திரங்களில் புதிதாக ஏற்றும் வசதி நின்றது. பராமரிக்கிறவர்களும் மனிதர்கள்தான், சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் பலர், எல்லாவற்றையும் என்றைக்கும் சுமக்க அவர்களால் ஆகாது. ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? இன்ன காரணத்தால் நிறுத்துகிறோம் என்பதைப் பகிரங்கமாக விவாதிக்கிறார்கள். நிறுத்திய பின்பும் எழுத்து எல்லோர் கையிலும் இருக்கிறது. வேண்டும் என்கிறவன் எடுத்து நடத்தலாம். டெபியன் விட்ட யந்திரத்தை நெட்பிஎஸ்டி எடுத்துக் கொள்கிறது. ஒருவன் கைவிட்டால் வேறொருவன் எடுக்க வழியிருப்பதுதான் சுதந்திரம்.

கடைசியாக, எடைக்குப் போடுவது என்று சொல்கிறோமே, அது எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? 2022-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்குள்ளது அதில் 22.3 சதவிகிதமே. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில், செம்புக்காகக் கம்பியைக் கொளுத்தியும், பலகையை உடைத்தும், அமிலத்தில் ஊற வைத்தும் பிழைக்கிற ஏழைகளின் மூச்சில் போய்ச் சேருகிறது. பழைய பற்றாசில் ஈயம் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்காமல் நாம் சொல்லுகிற ஒரு வார்த்தைக்கு, யாரோ ஒரு பிள்ளையின் நுரையீரல் விலை கொடுக்கிறது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஆகவே தோழர்களே, உங்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக் கொள்கிறேன். ஒரு யந்திரம் செத்தது என்று யாராவது சொன்னால், எந்தப் பாகம், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் தீர்ப்பை ஒப்புக் கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதுவதை யாரும் திறக்கக் கூடிய பொது முறையில் எழுதி, இரண்டு மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். உங்கள் எழுத்தின் சாவியை ஒரு வியாபாரி கையில் கொடுக்காதீர்கள். மூன்றாவது, இலவசமாய்க் கிடைக்கிறதே என்று எடுத்துக் கொள்வதோடு நிற்காமல், உங்களால் ஆன வேலையைத் திருப்பிக் கொடுங்கள். விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுங்கள். ஒரு பிழையைக் கண்டால் எழுதியனுப்புங்கள். அடுத்த பதிப்பை ஏற்றும்போது, என்ன பாஷை வேண்டும் என்ற முதல் கேள்விக்குத் தமிழ் என்று பதில் சொல்லும்படி நாமே செய்து கொள்வோம்.

இந்த யந்திரம் இன்று முதல் இந்த வாசகசாலைக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் நான் வருகிறேன். பெண்களும் பிள்ளைகளும் முதலில் உட்காரட்டும். கெடுத்து விடுவோமே என்று ஒருவரும் பயப்பட வேண்டாம். கெட்டால் எப்படித் திருத்துவது என்பதுதான் நமக்குப் பாடம்.

நான் சொன்னவற்றில் உங்கள் சோதனைக்குச் சரியென்று நின்றதை வைத்துக் கொள்ளுங்கள். நிற்காததை என்னிடமே திருப்பிச் சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன்.